இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் ஒரு பாதாம் பருப்பும்

லுன்னவோய் தீவில் சூரியன் விடைபெற்றுப் போன நவம்பர் மாதக் கடைசியில், மீன் இறங்குதுறைக்கு எதிரே உள்ள கடையில் பாண் வாங்க நின்ற ஒரு பெண், தன் பல் வைத்தியரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, மெல்ல இறங்கி, காலணியைச் சரிசெய்துகொண்டு மீதிக் குறையையும் சொல்லி முடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த இருவரும் அந்தப் பல் வைத்தியர் அப்படிப்பட்டவர்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்கையில் அவர்களும் ஒரு சாண் எழும்பி இறங்கினார்கள். கல்லாவில் இருந்தவர், கூரையில் தொங்கும் விளக்கைச் சற்று உயர்த்திக் கட்ட வேண்டும் என்று மட்டும் குறித்துவைத்தார்.

ஏன் என்று கேட்பது அந்தத் தீவின் வழக்கமல்ல. இரண்டு மாதம் சூரியனே வராமல் போவதை ஏற்றுக்கொண்டவர்கள் இதையா பெரிதாக எடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் எப்படி என்பதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். நோர்வேஜிய மொழி, சொற்களை ரயில் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டே போகும் மொழி. பல்லுக்குத் தன், வைத்தியருக்கு லேகெ. இரண்டையும் இடைவெளியில்லாமல் கொளுவினால் தன்லேகெ. கொளுவிய பிறகு அழுத்தம் முழுவதும் முதல் பெட்டிக்குத்தான். தன் என்பதில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டால் லேகெ தலையைக் குனிந்துகொண்டு பின்னால் ஓடிவர வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நடந்தது இவ்வளவுதான்: ஓங்கிப் போட்ட அசை பேசியவரைத் தூக்கியது, தலை குனிந்த அசைகள் அவரை இறக்கிவைத்தன. பின்பாதியில் சிறிய துணை அழுத்தம் உள்ள சொற்களில் இறங்கும் வழியில் நாலு விரற்கடைக்கு இன்னொரு துள்ளல் இருந்தது. சொல் முடியும்போது கால் தரையில் இருக்கும். கணக்கு நேர்.

எனவே தீவு துள்ளிக்கொண்டு வாழப் பழகியது. கோப்பி குடித்தபடி பேசியவர்கள் எல்லோரும் நெஞ்சில் கோப்பியோடு அலைந்ததால், கடையில் மூடி போட்ட குவளைகள் ஒரே நாளில் தீர்ந்துபோயின. பாதிரியார் பிரசங்க மேடையின் கைப்பிடியில் இடுப்புப் பட்டியைக் கொளுவிக்கொண்டு இரக்கத்தைப் பற்றிப் பேசினார். மீன் தொழிற்சாலையில் தீயணைப்புக் கருவியை எப்படிப் பாவிப்பது என்று வருடா வருடம் வகுப்பெடுக்கும் அதிகாரி, பிரான்ஸ்லுக்னிங்ஸ்அப்பராத் என்ற அந்தக் கருவியின் பெயரை முதல் தடவை சொன்னபோதே குழாய் விளக்கில் தலை மோதி, அதற்குப் பிறகு அதைச் சுட்டிக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். நகரசபைக் கூட்டங்கள் குறுகின. காதலர்கள் நீளமான சொற்களைத் தேடிப் படித்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த கப்பல் தலைவர் ஒருவர் மட்டும் மூன்று நாள் தங்கியிருந்தும் அரை அங்குலம்கூட எழும்பவில்லை. அவர் பாதி அசைகளைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவதால் அப்படி என்று தீவில் சொன்னார்கள், சொல்லும்போது அவர்களுக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சங்கதி வேறு. அந்தத் தீவில் தமிழர்கள் ஒன்பது வீடுகளில் முப்பத்தொரு பேர். எல்லோரும் அந்த ஒரே மீன் தொழிற்சாலையை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். நேர் என்றும் நிரை என்றும் அசைகளை ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக வெட்டி அடுக்கி வந்த நமது முன்னோர்கள், அவற்றில் ஒன்றின் தலையில் மட்டும் கிரீடம் வைக்கலாம் என்று நினைத்தே பார்க்கவில்லை. பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு சோறு என்பது போல நாங்கள் எந்த மொழியைப் பேசினாலும் எல்லா அசைக்கும் ஒரே அளவு மூச்சுக் கொடுத்துப் பேசினோம். அதனால் நாங்கள் துள்ளவில்லை. அசைக்கு இரண்டு விரற்கடையாக ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். மூச்சு வாங்க நிறுத்தும்போதுதான் இறகு மாதிரிக் கீழே வந்தோம். வெளியில் போகும்போது முதுகுப் பையில் ஐந்து கிலோ குத்தரிசி போட்டுக்கொண்டு போனோம். தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் சூப் வாளியைப் பேசிக்கொண்டே ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோகத் தமிழர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

மீன் வெட்டும் பகுதியில் முதல் மேசையில் நின்ற திருவருட்செல்விக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லும் ஆட்கள் உலகத்தில் யாரும் மிச்சமில்லை. தொழிற்சாலையில் அவர் திரூ. எங்களுக்குச் செல்வியக்கா. ஒஸ்லோவில் படிக்கும் மகள்களுக்கு அம்மா. கணவர் குணசீலனுக்கு, திருமணமான இருபத்தேழு வருடமாக, வெறும் இஞ்சரும், இங்கே பாரும் என்பதன் சுருக்கம். அவரும் கணவரை இஞ்சருங்கோ என்றுதான் கூப்பிட்டார். பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்று ஊரில் யாரோ சொல்லிவைத்தது. ஆயுளோடு விளையாட இருவருக்கும் விருப்பமில்லை.

“இஞ்சரும், கீழ வாரும். கீழ வந்து பேசும்” என்பார் குணசீலன், சோபாவில் படுத்தபடி, கூரையைப் பார்த்து.

“நான் சொல்லி முடிக்கேல்லை” என்பார் செல்வியக்கா, கூரையில் தலையணை கட்டிய மூலையிலிருந்து. “போன கிழமையும் பனி தள்ளேல்லை, அதுக்கு முந்தின கிழமையும் தள்ளேல்லை, பக்கத்து வீட்டுக் கிழவன் எண்பது வயசிலை வந்து எங்கட வாசலையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுப் போறான், எனக்கு வெக்கமாக் கிடக்கு...”

“வையிறதெண்டாலும் கொஞ்சம் மூச்சு வாங்கி வையும். பல்பிலை தலையைச் சுட்டுப்போடுவீர்.”

லுன்னவோயில் சூரியன் திரும்பி வருகிற நாள் தை மாதம் முதலாம் தேதி. இதை நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. பூமியின் சாய்வு செய்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில், நண்பகலில், சூரியனின் மேல் விளிம்பு மட்டும் எட்டிப் பார்க்கும். முதல் நாள் அது நிற்பது பதினொரு நிமிடம். தீவு முழுவதும் கிழங்கு போல வெளுத்த முகங்களோடு சூரியப் பாறைக்கு ஏறும். உள்ளே பழப்பாகு வைத்த உருண்டைப் பணிஸ்களை எல்லோரும் தின்பார்கள். அதற்குச் சூல்பொல்லெர் என்று பெயர். அவர்களுக்குச் சூல் என்றால் சூரியன். நமக்கு வேறு. இரண்டும் உருண்டுதான் இருக்கும்.

அந்தப் பாறையில்தான் பெயர் சொல்லும் சடங்கு. ஒருவர் மேலே நின்று தீவில் குளிர்காலத்தைக் கழித்த ஒவ்வொருவரையும், வீட்டுப் பெயரோடு சேர்த்து, சூரியனுக்குச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் ‘ஹேர்!’ என்று பதில் கொடுக்க வேண்டும். இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். சூரியனின் முகம் தெரிகிற பதினொரு நிமிடத்துக்குள் சொல்லப்படாதவர்களைச் சூரியன் அந்த வருடம் அடையாளம் கண்டுகொள்ளாது: அவர்களின் உருளைக்கிழங்கு சிறுத்துப்போகும், காலுறைகள் காயாது. கடைசியில், பெயர் சொன்னவரின் பெயரை ஊர் முழுவதும் சேர்ந்து கூப்பிடும். பட்டியலில் நூற்றெண்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. நூற்றெண்பத்து நான்காவது வரியில் ‘தொழிற்சாலை ஆட்கள்’ என்று இருந்தது. அது நாங்கள். பத்தொன்பது வருடமாக முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் ‘ஹேர்’ என்று சொல்லிவந்தோம். கெட்ட எண்ணத்தால் அல்ல. அந்தப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் பதினொரு நிமிடம் போதாது என்ற பயத்தால்தான். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, எங்கள் காலுறைகள் காய்வதில்லை.

பெயர் சொல்பவரைத் தெரிவுசெய்வது ஒரு பாதாம் பருப்பு. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முந்தின முந்தின நாள், தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் தீவு முழுவதற்கும் பாலில் காய்ச்சிய அரிசிக் கஞ்சி ஊற்றுவார்கள். பெரிய அண்டா. அதற்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பு. அது யாருடைய பல்லில் படுகிறதோ அவர்தான். அந்த வருடம் வழக்கமாகக் கஞ்சி காய்ச்சுகிறவர் ஒரு நீளமான சொல்லின் நடுவில் கால் பிசகி விழுந்திருந்ததால், அரிசியும் பாலும் என்றால் உங்களுக்குத் தெரியாததா என்று செல்வியக்காவிடம் அண்டாவை ஒப்படைத்தார்கள்.

செல்வியக்காவிடம் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் ஒரே ஒரு பாதாம் பருப்பைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். இருநூறு பேருக்கு ஒரு பருப்பு. இந்த நாட்டில் வசதிக்குக் குறைவில்லை, ஆனால் மனம் இப்படிச் சுருங்கிப்போய்விட்டதே என்று நினைத்தார். வீட்டுக்குப் போய், பொங்கலுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு கிலோ பாதாமையும் எடுத்து வந்து, நெய்யில் பொன்னிறமாகப் பொரித்து, அண்டாவில் கொட்டிக் கிளறினார். ஏலக்காயும் போட்டார்.

முதல் பாதாம் ஒரு மீனவரின் பல்லில் பட்டது. அவர் கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவரும் கையைத் தூக்கினார். ஐந்து நிமிடத்தில் கூடத்தில் இருந்த எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு, வாயில் பருப்போடு, ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

இந்தச் சடங்கை நடத்தும் சூரியக் குழுவின் தலைவி தூர்பியோர்க் எழுந்து நின்றார். துறைமுக அலுவலகத்தை நடத்துகிறவர். அறுபது வயது, ஆறடி உயரம், சிரித்தாலும் முகத்தில் தெரியாது. “திரூ, எத்தனை போட்டாய்?” என்று கேட்டார். அந்த மொழியில் எல்லோருக்கும் நீதான். நீங்கள் என்பதைக் காட்சிப்பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

“எண்ணிப் போடுறதில்லை” என்றார் செல்வியக்கா.

குழு அங்கேயே கூடியது. ஒன்றரை மணி நேரம் கூடியது. இரண்டாவது தடவை கஞ்சி கேட்டவர்களுக்கும் ஊற்றியாயிற்று. முடிவில் தூர்பியோர்க் அறிவித்தார்: பருப்பு எல்லோரையும் தெரிவுசெய்திருப்பதால் யாரையும் தெரிவுசெய்யவில்லை, ஆகவே பருப்பைப் போட்ட கையே பெயர்களைச் சொல்ல வேண்டும்.

“மாட்டன் எண்டு சொல்லிவிடும்” என்றார் குணசீலன் வீட்டில். “வெளிவாசல். கூரை இல்லை. மூச்சு விடாமல் இருநூறு பேர் சொன்னால் நீர் எந்த ஊரிலை போய் இறங்குவீர் எண்டு தெரியுமோ? ரஷ்யாவிலை இறங்கினால் நான் என்னத்தைச் சொல்லிக் கூட்டிவாறது?”

“என்ரை பேரைச் சொல்லிக் கேளுங்கோவன்.”

குணசீலன் சோபாவுக்கு அடியில் செருப்பைத் தேடினார்.

“கடைசியிலை ஊர் முழுக்க என்ரை பேரைக் கூப்பிடும்” என்றார் செல்வியக்கா. “ஒருக்கால். முழுசா. அப்பா எனக்கு வைச்ச பேர், நான் செத்தாப்பிறகு பத்திரிகையிலை வரேக்குள்ள எனக்குக் கேக்காது. உயிரோடை இருக்கேக்குள்ள ஒருக்கால் கேக்கவேணும். நான் போகப்போறன்.”

அடுத்த மூன்று கிழமையும், வேலை முடிந்த பிறகு, வெறும் மீன் பெட்டிகள் அடுக்கிய கொட்டிலில் தூர்பியோர்க்கும் செல்வியக்காவும் பயிற்சி செய்தார்கள். பெயர் சொல்பவர் பறந்து போய்விடாமல் பார்ப்பது குழுவின் பொறுப்பு என்று தூர்பியோர்க் கருதினார்.

“பியோர்க்கெலுன்” என்று வாசித்தார் தூர்பியோர்க், ஒரு வீட்டின் பெயரை. பிர்ச் மரத் தோப்பு என்று அர்த்தம். தீவில் ஒரு பிர்ச் மரமும் இல்லை. பியோர்க்கில் எழும்பினார், லுன்னில் நாலு விரல் துள்ளினார், இறங்கினார். “பார்த்தாயா? முதல் அசையில் அடி. மீதியை விட்டுவிடு.”

“மீதி என்ன பாவம் செய்தது?”

“பாவமில்லை. அது பின்னால் வரும்.”

“எப்பவும் பின்னாலேயேவா?”

தூர்பியோர்க் யோசித்தார். அறுபது வருடத்தில் அதை அவர் யோசித்திருக்கவில்லை. “சரி, உன்னுடையதைச் சொல். முழுதாக.”

செல்வியக்கா சொன்னார். ஆறு அசைக்குப் பன்னிரண்டு விரற்கடை ஏறி, மேலே நின்று புன்னகைத்தார்.

தூர்பியோர்க் முயன்றார். தி என்பதில் ஓங்கிப் போட்டு ஒரு சாண் எழும்பினார். மீதி ஐந்து அசையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நொறுங்கின. மீன் பெட்டியில் கால் மாட்டிக்கொண்டது. “திரூ போதாதா?” என்றார், காலை இழுத்தபடி.

“பாதிப் பேருக்குப் பாதிச் சூரியன்தானே கிடைக்கும்?” என்றார் செல்வியக்கா.

ஆனால் செல்வியக்கா கெட்டிக்காரி. மூன்றாவது கிழமை முடிவில் நூற்றெண்பத்து மூன்று பெயர்களையும் அந்தத் தீவில் பிறந்தவர் போலத் துள்ளித் துள்ளிச் சொன்னார். ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. தூர்பியோர்க் முகத்தில் தெரியாமல் சிரித்தார். கட்டுவதற்கு எடுத்துவைத்த நங்கூரக் கயிறு இனித் தேவையில்லை என்றார். பிறகு, குழுவின் தலைவி என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்றார்.

தை முதலாம் நாள் பதினொரு மணிக்கு எல்லோரும் பாறையில் இருந்தோம். பனியில் மூன்று கல் வைத்து, அடுப்பு மூட்டி, வெள்ளை மேல் வெள்ளையாகத் தெரியாத கோலம் போட்டு, நாங்கள் பொங்கல் பானையை ஏற்றினோம். குணசீலன் பொறுப்பு. அவர்கள் பணிஸ் பெட்டிகளைத் திறந்தார்கள். குழந்தைகள் முகத்தில் மஞ்சள் சாயம். எல்லாம் இருந்தது, மலை மட்டும் இல்லை. கடலிலிருந்து எழும்பிய மேகம் தீவின் மேல் மெத்தையை விரித்தாற்போலப் படுத்திருந்தது. முழங்கை தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

“நாளைக்கு வைக்கலாமே” என்றது ஒரு குரல்.

“நாளைக்கு அது இரண்டாவது நாள்” என்றார் தூர்பியோர்க்.

நேரம் வந்தது. எங்கோ மேலே, இடுக்கில், சூரியன் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மேகம் ஒரு பக்கம் கொஞ்சம் வெளுத்தது. செல்வியக்கா பட்டியலைப் பிரித்து, பழகியபடி, முதல் பெயரைச் சொன்னார். எழும்பினார், இறங்கினார். ‘ஹேர்’ என்று ஒரு குரல் மேகத்துக்குள் ஈரமாக விழுந்தது. இரண்டாவது பெயர். ஈரமான ‘ஹேர்’. மூன்றாவதில் செல்வியக்கா நிறுத்தினார்.

“இது அதுக்குக் கேக்காது” என்றார் தமிழில். பிறகு நோர்வேஜியத்தில்: “தூர்பியோர்க், கயிறு எங்கே?”

தூர்பியோர்க்குக்குக் காரணம் உடனே புரிந்தது. நங்கூரக் கயிற்றின் ஒரு நுனியைச் செல்வியக்காவின் இடுப்பில் சுற்றி, மீனவர்கள் மட்டுமே போடும் முடிச்சைப் போட்டார். மறுநுனியைப் பாறையில் அடித்திருந்த இரும்பு வளையத்தில் கட்டி, நடுப்பகுதியைக் குணசீலனின் கையில் கொடுத்தார்.

“இஞ்சரும்” என்றார் குணசீலன்.

“பானையைப் பாருங்கோ” என்றார் செல்வியக்கா. முதுகில் இருந்த அரிசிப் பையைக் கழற்றிப் பனியில் வைத்தார். பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினார். மேலே போக வேண்டுமென்றால் நீளமான பெயர்கள் வேண்டும், மூச்சு விட இடம் தராத பெயர்கள் வேண்டும், தலை குனிகிற அசை ஒன்றுகூட இல்லாத பெயர்கள் வேண்டும். அப்படிப்பட்டவை அந்தத் தாளில் கடைசி வரியில், எழுதப்படாமல், முப்பது இருந்தன.

சின்னத்தம்பி பேரின்பநாதன் என்று தொடங்கினார், பேரின்பநாதன் தவயோகநாயகி என்று தொடர்ந்தார், அம்பலவாணர் கதிர்காமத்தம்பி, கதிர்காமத்தம்பி புவனலோஜினி, அவர்களின் மகன் அகரமுதல்வன் என்று வீடு வீடாக, ஒரு மூச்சில், எல்லா அசைக்கும் ஒரே அளவு சோறு போட்டபடி அவர் ஏற, முழங்கால் மேகத்துக்குள் மறைந்தது, காலணி மறைந்தது, கயிறு மட்டும் குணசீலனின் அகப்பை பிடிக்காத கைக்குள் வழுக்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு பெயருக்கும் கீழிருந்து ஒரு தனி ‘ஹேர்’ கிளம்பியது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எங்கள் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன, பேரின்பநாதனுக்கு இவ்வளவு மெல்லிய குரல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபத்தொன்பது பெயர் முடிந்தது. இன்னும் சாம்பல் நிறம்தான் என்று மேலேயிருந்து குரல் வந்தது. கயிறு நின்றது. மூச்சு முடிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு பெயர்தான் மிச்சம். அதை அவர் இருபத்தேழு வருடமாகச் சொன்னதில்லை.

கயிறு ஒரு சாண் தளர்ந்தது.

“கணபதிப்பிள்ளை குணசீலன்!”

கயிறு விறைத்தது. குணசீலன் அகப்பையைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் முழங்கையால் இடித்த பிறகுதான், “ஹேர்... இஞ்ச, இஞ்சதான் நிக்கிறன்” என்றார், இரண்டு மொழியில்.

மேலேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு, “தெரியுது!” என்று வந்தது. “தோடம்பழச் சுளை மாதிரித் தெரியுது!”

இதற்குள் நாலு நிமிடம் போயிருந்தது. மேகத்துக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு, முகத்தில் வெயிலோடு, செல்வியக்கா மற்ற நூற்றெண்பத்து மூன்று பெயர்களையும் கடைசியிலிருந்து முதலுக்குச் சொன்னார். பழகிய துள்ளலை விட்டுவிட்டார். பியோர்க்கெலுன் வீட்டின் எல்லா அசைகளும் அன்றைக்குச் சமமாக நின்றன. காலம் காலமாகப் பின்னால் ஓடிவந்த லுன்னுக்கும் வெயில் பட்டது. தங்கள் வீட்டுப் பெயர் இவ்வளவு நீளமா என்று சிலர் ஆச்சரியப்பட்டார்கள். ‘ஹேர்’ என்று மேகத்துக்குக் கீழே இருந்து, பட்டாசுக் கட்டைப் போல, விடாமல் வெடித்தது. பாதிரியார் வீட்டோடு பட்டியல் முடிந்தது. தூர்பியோர்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடம் மிச்சம். ஒரு பெயர் மிச்சம்.

“எல்லோரும்” என்றார் தூர்பியோர்க். “முழுப் பெயர். நான் சொல்வது போல.” அவர் கண்ணை மூடினார். மீன் பெட்டியில் கால் மாட்டிய அந்த நாளுக்குப் பிறகு, துறைமுக அலுவலகத்தில் தனியாக இருக்கும்போதெல்லாம் அவர் என்ன செய்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. தி. ரு. வ. ருட். செல். வி. ஒன்றிலும் ஓங்கவில்லை, ஒன்றையும் விடவில்லை. ஆறடி உயரமான அந்தப் பெண் துள்ளாமல், நேராக, பன்னிரண்டு விரற்கடை ஏறி நின்றார்.

ஊர் முயன்றது. முதல் தடவை பாதிப் பேர் தி என்று துள்ளி ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். இரண்டாவது தடவை நாங்கள் முப்பது பேரும், குணசீலனைக் கழித்தால் இருபத்தொன்பது பேரும், வலை இழுக்கிறவர்கள் போலத் தாளம் போட்டுக்கொடுத்தோம். மூன்றாவது தடவை பாதிரியாரின் காலணி பனியை விட்டது. அதற்குப் பிறகு மூச்சு விடாமல், திருவருட்செல்வி திருவருட்செல்வி திருவருட்செல்வி என்று, மீனவர்களும் பிள்ளைகளும் தீயணைப்பு அதிகாரியும் கையில் பணிஸோடு எங்களோடு ஏறினார்கள், மேகத்துக்குள் போனார்கள், கம்பளித் தொப்பிகள் முதலில், பிறகு மூக்குகள், பிறகு மஞ்சள் பூசிய கன்னங்கள் என்று மேகத்தின் மறுபக்கத்தில் ஒவ்வொன்றாக முளைத்தார்கள். அங்கே, இரண்டு மலைகளுக்கு நடுவே, ஆரஞ்சு நிறத்தில், உரித்த தோடம்பழச் சுளை போல, அது இருந்தது. அதற்கு முன்னால், இடுப்பில் கயிற்றோடு, தன் பெயரை இருநூறு வாய்களிலிருந்து கேட்டுக்கொண்டு, கன்னத்தில் ஓடுவதைத் துடைக்கவும் மறந்து, “ஹேர்” என்றார் செல்வியக்கா. “இஞ்ச நிக்கிறன். ஹேர்.”

கடைசி அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பேசாததால் இறங்கத் தொடங்கினோம். சூரியனும் இறங்கியது. எல்லாம் ஒரே வேகத்தில் இறங்கியதாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தரையில் ஒருவர்தான் நின்றார். ஒரு கையில் கயிறு, மறு கையில் பனியிலிருந்து எடுத்த அகப்பை. பானை பொங்கி வழிந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அவர்தான். கிழக்குப் பக்கம் வழிந்தது என்றார். அவரை யாரும் முழுதாக நம்பவில்லை.

“எல்லாரும் வந்தினம், நீங்கள் ஏன் வரேல்லை?” என்று கேட்டார் செல்வியக்கா, முடிச்சை அவிழ்த்தபடி. கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும்.

“பானையைப் பாருங்கோ எண்டு நீர்தானே சொன்னீர்” என்றார் குணசீலன்.

பொங்கலும் பணிஸும் ஒரே தட்டில் போனது. அடி கொஞ்சம் பிடித்திருந்தது. தூர்பியோர்க் மூன்றாவது தடவையும் வாங்கி, கரண்டியால் கிளறிப் பார்த்தார். “இதில் எத்தனை பாதாம், திரு-வருட்-செல்வி?”

“உங்கட முறைப்படி” என்றார் செல்வியக்கா. “அண்டைக்குத் தந்த போத்தல் பருப்பு. ஒண்டே ஒண்டு.”

அப்போது கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. சிறிய சத்தம்தான், ஆனால் எல்லோரும் தின்றுகொண்டு பேசாமல் இருந்த நேரம். குணசீலன் மெல்லுவதை நிறுத்தினார். விழுங்கிவிடலாமா என்று நினைத்தார். நினைத்தது முகத்தில் தெரிந்தது.

“வாயைத் திறவுங்கோ” என்றார் செல்வியக்கா.

திறந்தார். நாக்கில், பாதியாக உடைந்து, பாதாம் பருப்பு இருந்தது. தூர்பியோர்க் குனிந்து பார்த்து, தலையை ஆட்டி, பட்டியலின் மேல் மூலையில் அடுத்த வருடத்துக்கான பெயரை எழுதினார், அசை விடாமல். அடுத்த தை முதலாம் நாள் இருநூற்றுப் பதின்மூன்று பேரையும் குணசீலன்தான் சூரியனுக்குச் சொல்ல வேண்டும். அதில் ஒரு பெயர் அவர் வீட்டிலேயே இருந்தது.

“பழகிறதுக்கு ஒரு வருசம் கிடக்கு” என்று சொல்லிக் கதிர்காமத்தம்பி அவர் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். குணசீலன் சிரிக்கவில்லை. தட்டைப் பனியில் வைத்தார். காதுகள் சிவந்திருந்தன, குளிராகவும் இருக்கலாம். மனைவியின் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காத குரலில், ஆறு அசையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அவருடைய குதிகால்கள் பனியை விட்டு எழும்பின. செல்வியக்கா எட்டி, அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தாரே தவிர, இழுக்கவில்லை.

“இன்னொருக்கால் சொல்லுங்கோ” என்றார்.